தூக்கின வண்டியை இறக்குங்க மச்சான்!

விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் போயிருக்கிறீர்களா? மூக்கைப் பிடித்துக்கொண்டாவது ஒருமுறை போய்ப் பாருங்கள். ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கிற சத்தம், ‘வழி வுடு... வழி வுடு’ குரல்கள். நடுவே, மீனுக்காக வாயைத் திறந்தபடி வரிசையாக நிற்கும் பிக்கப் வண்டிகள்.

அந்த வரிசையைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். சில வண்டிகள் சமர்த்துப் பிள்ளைகளாகத் தரைக்குச் சமமாக நிற்கும். சில மட்டும் முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் எகிறி, சண்டைக் கோழி மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும்.

‘கம்பெனியிலேயே இப்படித்தான் செய்து அனுப்பினார்களா?’ என்று கேட்காதீர்கள். கம்பெனி ஒழுங்காகத்தான் அனுப்பியது. நடுவில் யாரோ ‘தூக்கி’ விட்டார்கள்!

வண்டியைத் தூக்குவது எப்படி என்று சொல்லித் தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தூக்கினதை ஏன் இறக்க வேண்டும், எப்படி இறக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

* ஸ்டைலுக்கும் சோத்துக்கும்

தூக்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு.

முதல் ரகம், ஸ்டைலுக்குத் தூக்குகிறவர்கள். 2020-ல் வந்த புது தார் ஜீப், அல்லது சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸ் பிக்கப். வாங்கின மறுமாதமே ‘லிஃப்ட் கிட்’ மாட்டி, இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் உயர்த்தி, டிராக்டர் சைஸுக்கு டயர் போட்டு... எதற்கு? இமயமலை ஏறவா? அதெல்லாம் இல்லை. பெசன்ட் நகர் பீச்சுக்குப் போய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வர!

இரண்டாவது ரகம், சோத்துக்குத் தூக்குகிறவர்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த ரகம்தான். இவர்களுடைய ‘கிட்’ அட்டைப் பெட்டியில் வராது. பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை, இரண்டு பட்டை. அல்லது பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டை. நீளமான யூ போல்ட்டைப் போட்டு இறுக்கினால், வண்டி எழுந்து நின்றுவிடும்.

‘நமக்கென்னய்யா, நாம் பாட்டுக்கு ஆபீஸுக்குப் போய் ஃபைல் பார்க்கிற ஆளு’ என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். உங்கள் குடும்பத்திலும் ஒரு மச்சான் இருப்பார். மனைவியின் தம்பி. பிக்கப் வாங்கியிருப்பார். வண்டி அவருடையது. ஃபைனான்ஸ் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து மட்டும் உங்களுடையது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட வரும்போது அவரைக் கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

“இன்னா மச்சான், வண்டி பின்னாடி தூக்கிக்கினு நிக்குது?”

“பட்டை ஏத்திட்டேன் மாமா. முன்னல்லாம் லோடு போட்டா உக்காரும். இப்ப ரெண்டு டன்னு போட்டாலும் கம்முனு நிக்குது.”

“அவ்ளோ வெயிட்டு தாங்குமா?”

“அதான் உக்காரலையே மாமா!”

மொத்தத் தப்பும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

* உட்காருவது ஒரு பாஷை

லாரி, பிக்கப் வண்டிகளின் பின்சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். எல்லாவற்றிலும் நீளமானது மெயின் பட்டை. அடுத்தடுத்துக் குட்டையாகிக்கொண்டே போகும். பல வண்டிகளில் தனியாக ஒரு ஹெல்பர் பட்டையும் இருக்கும். அது காலி வண்டியில் சும்மா இருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்த பிறகுதான் வேலைக்கு வரும். கவர்மெண்ட் ஆபீஸ் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், வந்த பிறகு நிஜமாகவே வேலை செய்யும்!

எத்தனை பட்டை, என்ன தடிமன், எவ்வளவு வளைவு... எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஒரு பட்டையின் தடிமனை இரண்டு மடங்கு ஆக்கினால் அதன் விறைப்பு இரண்டு மடங்கு ஆகாது. எட்டு மடங்கு ஆகும்! ‘கையில கெடைச்ச பட்டை ஒண்ணு சேர்த்துப் போடு’ என்கிற சமையல் இங்கே செல்லாது.

இந்தக் கணக்கைப் போடும் தொழிலுக்குப் பேர்போன ஊரே எண்ணூர்தான். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, முதலில் இங்கே ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. அன்றையிலிருந்து லாரியும் பஸ்ஸும் இந்த ஊரின் முகவரி. அதே கம்பெனி 2011-ல் ‘தோஸ்த்’ பிக்கப்பைக் கொண்டுவந்தபோது, 1,250 கிலோ ஏற்றலாம் என்று சொன்னது. அதற்கு முன்பே, 2005-ல் டாட்டா ஏஸ் வந்தது. நம்ம ஆட்கள் ‘குட்டி யானை’ என்று பேர் வைத்தார்கள். குட்டி யானையின் பாரம் அப்போது 750 கிலோ.

இந்த 750, 1,250 எல்லாம் ஸ்பிரிங்கை மட்டும் பார்த்து எழுதின எண் இல்லை. ஆக்ஸில், சக்கர பேரிங், டயர், பிரேக், சேஸிஸ் எல்லாவற்றையும் கூட்டிவைத்துப் போட்ட எண். வண்டி பின்னால் உட்காருகிறது என்றால், அந்த எல்லைக்கு வந்துவிட்டேன் என்று அது வாய்விட்டுச் சொல்கிறது. பட்டை ஏற்றினால் பாரம் தாங்கும் சக்தி ஏறுவதில்லை. வண்டியின் வாயைக் கட்டிவிடுகிறோம், அவ்வளவுதான். ஸ்பிரிங் தாங்கும். அதற்கு அடுத்து இருக்கிற ஆக்ஸிலும் டயரும் பழைய ஆக்ஸிலும் டயரும்தானே!

மீனாவது பரவாயில்லை, இடத்தை அடைக்கும். மணலி பக்கம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஏற்றுகிற லோடு கண்ணை ஏமாற்றும். 12 எம்.எம். கட்டடக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.89 கிலோ. 12 மீட்டர் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ. அப்படியானால் 117 கம்பி போட்டாலே 1,250 கிலோ வந்துவிடும். பார்த்தால் தொட்டியின் அடி மட்டும்தான் நிறைஞ்சிருக்கும். ‘இன்னும் எடம் கீது, போடு’ என்பார் மச்சான். இடம் இருக்கிறது. வண்டிக்குத்தான் தெம்பு இல்லை.

* பிரேக்கை ஏமாற்றும் கட்டை

இதுவரைக்கும் சொன்னது மச்சானுக்கும் ஓரளவு தெரிந்ததுதான். தெரியாத விஷயம் ஒன்று வண்டிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கு மேலே, சேஸிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஆக்ஸிலுக்குப் போகும். லோடு சென்சிங் வால்வு என்று பெயர். அதன் வேலை: வண்டி காலியாக இருக்கும்போது பின்சக்கரத்துக்குப் பிரேக்கைக் குறைத்துக் கொடுப்பது. இல்லாவிட்டால் காலி வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். லோடு ஏறிய பிறகு பின்சக்கரத்துக்கு முழு பிரேக்கையும் திறந்துவிடுவது.

சரி, லோடு ஏறியிருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? வண்டி உட்காருவதை வைத்துத்தான்! ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் இடைவெளி குறைந்தால் ‘லோடு வந்தாச்சு’ என்று புரிந்துகொள்ளும்.

இப்போது நடுவில் கட்டையைப் போட்டுத் தூக்கிவிட்டீர்கள். இரண்டு டன் இரும்பு ஏறியிருக்கிறது. வண்டி உட்காரவில்லை. வால்வு என்ன நினைக்கும்? ‘வண்டி காலி’ என்று நினைக்கும். பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும். முன்சக்கர பிரேக் மட்டும் தனியாளாக மல்லுக்கட்டும்.

கணக்கும் சேர்த்துப் பாருங்கள். வண்டியும் லோடும் சேர்ந்து 2,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு 750 கிலோ ஏற்றினால், அதே வேகத்தில் போகும் வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 30 சதவிகிதம் கூடுகிறது. பிரேக்குக்கு வேலை கூடும் அதே நேரத்தில் ஆள் குறைப்பு!

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஜீரோ கேட் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். திடீரென்று வரிசை முடிகிற இடத்தில் முன்னால் போகிறவர் பிரேக் போடுவார். அந்த இடத்தில் பைக்கில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருப்பது நீங்கள். பின்னால் வருவது மச்சான் வண்டி. இப்போது சொல்லுங்கள், இது உங்களுக்குச் சம்பந்தமில்லாத கட்டுரையா?

* உயரம் ஏறினால் என்னென்ன இறங்கும்?

ஒன்று, ஸ்திரம். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் என்று வையுங்கள். அதில் பாதி 70 செ.மீ. லோடோடு சேர்த்து எடையின் மையம் தரையிலிருந்து 100 செ.மீ. உயரம். 70-ஐ 100-ஆல் வகுத்தால் 0.70. வண்டியைப் பத்து செ.மீ. தூக்கினால் 70-ஐ 110-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 0.64. இந்த எண் குறையக் குறைய, வளைவில் கவிழ்வது சுலபம். மீன் பெட்டியை ஆறு அடுக்கு ஏற்றிக்கொண்டு பாலத்து இறக்கத்தில் திரும்பும்போது இந்த வித்தியாசம் பேசும்.

இரண்டு, வெளிச்சம். முன்பக்கத்தைத் தூக்கினால் ஹெட்லைட் எதிரில் வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும். வெளிச்சம் பத்தடி தூரத்திலேயே விழுந்து, அதற்கு அப்பால் இருட்டு. டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று போட்ட சின்னச் சக்கரம் ஒன்று பல வண்டிகளில் இருக்கும். ஹெட்லைட்டை ஏற்றி இறக்கத்தான் அது. அதை ரேடியோ சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு!

மூன்று, உறுப்புகள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருக்க வேண்டும். ஆக்ஸில் கீழே போனால் சாய்வு மாறும், கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் தேயும், வண்டி உதறும். பிரேக் ஓஸ் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் இழுத்துப் பிடித்த மாதிரி ஆகும். ஷாக் அப்சார்பர் எப்போதும் முழுசாக நீண்டபடியே இருக்கும். பள்ளத்தில் விழும்போது நீள அதற்கு இடமே இருக்காது.

நான்கு, இடுப்பு. காலி வண்டியை ஓட்டிப் பாருங்கள். விறைத்த பட்டைமேல் ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்பில் இறங்கும். லோடோடு போகும்போது சொகுசு, காலியாகத் திரும்பும்போது கசையடி.

* சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் இதையே உறுதியாகச் சொன்னது. அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாமல் மாற்றம் செய்கிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதியது. அதிக பாரத்துக்குத் தனிக் கணக்கு: 20,000 ரூபாய், மேலே கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கும் கூலியும் நம் தலையில்தான்.

எஃப்.சி. இன்னொரு தலைவலி. எட்டு வருஷம் ஆகும் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம் என்று 2018 நவம்பரில் விதி மாற்றினார்கள். எஃப்.சி.க்கு முந்தின நாள் பட்டையைக் கழற்றி, சர்டிஃபிகேட் வாங்கின மறுநாள் மாட்டுகிற கில்லாடிகள் உண்டு. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் திருநீறு பூசுகிற பையன் மாதிரி!

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் இன்ஷூரன்ஸ். விபத்து நடந்தால் சர்வேயர் வருவார், குனிந்து பார்ப்பார். அடியில் கம்பெனி கொடுக்காத பட்டை இருந்தால், கேள்வி கேட்க நாமே வாசலைத் திறந்து வைத்த மாதிரி. கிளெய்ம் சிக்கினால் ஃபைனான்ஸ்காரர் முதலில் மச்சானுக்குப் போன் பண்ணுவார். மச்சான் எடுக்க மாட்டார். அடுத்த போன் யாருக்கு? ஜாமீன் கையெழுத்துப் போட்ட மகராசனுக்கு!

* இறக்குவது எப்படி?

சரி, மச்சான் மனசு மாறிவிட்டார் என்று வையுங்கள். எப்போது செய்யலாம்? மீன் லோடு அடிக்கிறவருக்கு நல்ல நேரம் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் வருஷாவருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வண்டிக்கும் வேலை குறைவு. பட்டறையில் இரண்டு நாள் விட்டால் குடி முழுகாது.

வாசலில் ஜாக்கி போட்டு நாமே கழற்றலாமா? வேண்டாம். பட்டறையிலேயே செய்யட்டும். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். அதற்குத்தான் இந்த விவரம்.

சமதரையில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். சேஸிஸைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் உட்காரவைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஆக்ஸிலுக்குத் தனி ஜாக்கி. பிறகு ஷாக்கைக் கழற்றி, யூ போல்ட் நட்டுகளைத் தளர்த்த வேண்டும்.

இங்கேதான் வடசென்னை தன் வேலையைக் காட்டும். ஒரு பக்கம் கடலின் உப்புக் காற்று. இன்னொரு பக்கம் மீன் பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஐஸ் தண்ணீர், அதிலும் உப்பு. நட்டும் போல்ட்டும் துருவால் கட்டிப்பிடித்துக்கொண்டு, விவாகரத்துக்குச் சம்மதிக்காது! முதல் நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவைப்பது நல்லது. அப்படியும் வராவிட்டால் அறுத்து எடுக்கலாம். ஆனால் பிரேக் ஓஸ், டீசல் டேங்க் பக்கத்தில் கேஸ் நெருப்பு காட்டினால் ‘அண்ணே, நிறுத்துங்க’ என்று தைரியமாகச் சொல்லுங்கள். பட்டைமேலும் நெருப்புப் படக் கூடாது. பதம் ஏற்றின எஃகு அது. சூடுபட்ட இடத்தில் பதம் போய், பிறகு அங்கேதான் ஒடியும்.

யூ போல்ட் வந்ததும் ஆக்ஸிலை மெதுவாக இறக்கி, நடுவில் இருக்கும் கட்டையை எடுக்க வேண்டும். கூடுதல் பட்டை என்றால், கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டு சென்டர் போல்ட்டைக் கழற்றிப் பிரிக்க வேண்டும். அழுத்தம் திடீரென்று விடுபட்டால் பட்டை துள்ளும். திரும்பப் பூட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை, ஆக்ஸிலில் அதற்கென்று இருக்கும் குழியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பின் ஆக்ஸில் கோணலாகி, வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும்.

பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. இரண்டு காரணம். ஒருமுறை இறுக்கின யூ போல்ட் இழுபட்டிருக்கும். இரண்டாவது, அது தூக்குவதற்காகப் போட்ட நீள போல்ட். கட்டையை எடுத்த பிறகு மரை தீர்ந்துபோகும். நட்டு இறுகின மாதிரி தெரியும், பட்டை இறுகியிருக்காது. கம்பெனி அளவில் புது செட் வாங்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பட்டையின் முனையிலும் ஷேக்கிளிலும் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

முக்கியமானது, அந்த லோடு சென்சிங் வால்வு. தூக்கினபோது மேஸ்திரி கெட்டிக்காரராக இருந்திருந்தால், அதன் கம்பியை வளைத்தோ மாற்றியோ சரிக்கட்டியிருப்பார். இப்போது இறக்கிவிட்டு அதை அப்படியே விட்டால், ஆபத்து தலைகீழாகிவிடும். காலி வண்டிக்கும் முழு பிரேக் போகும். மழையில் நனைந்த ரோட்டில் பின்சக்கரம் பூட்டி, வண்டி சுற்றும். கம்பெனி அளவுக்குத் திரும்ப வைத்தே ஆக வேண்டும். அதன்பின் ஹேண்ட் பிரேக், வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் மூன்றையும் சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

ஸ்டைல் ரகத்துக்கு ஒரு வார்த்தை. வி-கிராஸ் மாதிரி வண்டிகளில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங். அமுக்கிவைத்த காயில் என்பது பாதி வெடித்த பட்டாசு மாதிரி. அதற்கென்று உள்ள கம்ப்ரஸர் கருவி இல்லாமல் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. பெரிய டயர் போட்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். இறக்கின வண்டியில் பெரிய டயர் மட்கார்டில் உரசும். ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

இறக்கின பிறகு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். வண்டி கம்பெனி உயரத்தைவிடத் தாழ்ந்து நிற்கலாம். காரணம், இத்தனை நாள் அதிக பாரம் சுமந்ததில் பழைய பட்டைகளே வளைவு இழந்திருக்கும். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் புது பட்டை செட் போடுவதுதான் சரி. இதைப் பார்த்துப் பயந்து ‘மறுபடி அந்தக் கட்டையையே போட்டுடு’ என்று சொல்லிவிடாதீர்கள்.

* செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு...

கரகாட்டக்காரன் படத்து சொப்பன சுந்தரி கார் மாதிரி, பழைய வண்டிக்கும் ஒரு முன்கதை உண்டு. குனிந்து பார்த்தால் தெரியும்:

1. ஸ்பிரிங்கில் ஒரு பட்டை மட்டும் நிறம் அல்லது தடிமன் வேறாக இருக்கிறதா?

2. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் கட்டை இருக்கிறதா? எடுத்திருந்தால், யூ போல்ட் நட்டுக்கு வெளியே அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருக்கும்.

3. சேஸிஸில், கேபினுக்குப் பின்னாலும் ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றியும் வெல்டிங் தழும்பு உண்டா? புது பெயின்ட் திட்டு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

4. பிரேக் வால்வின் கம்பி வளைந்திருக்கிறதா, கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறதா? இருந்தால் விலை பேசுவதற்கு முன் வீட்டுக்குப் போங்கள்.

* கடைசிக் கணக்கு

பட்டையைக் கழற்றுவது மத்தியான வேலை. அதன் பிறகுதான் கஷ்டமான வேலை. லோடையும் இறக்க வேண்டும். பட்டையை எடுத்துவிட்டுப் பழையபடி இரண்டு டன் ஏற்றினால், மெயின் பட்டை ஒடியும் நாள் தூரத்தில் இல்லை.

மச்சான் விடமாட்டார். “ஒரே ட்ரிப்புல போறது இப்ப ரெண்டு ட்ரிப்பு. டீசல் யாரு குடுப்பா? லோடு குடுக்கிறவன் டன்னு கணக்குல காசு குடுக்கல மாமா, ட்ரிப்பு கணக்குல குடுக்கிறான்!” என்பார்.

நியாயமான கேள்வி. சரக்குக்காரர் ‘இன்னும் நாலு பெட்டி வெச்சுக்கப்பா’ என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறார். அந்த நாலு பெட்டிக்குத் தேயும் டயரும், போகும் பேரிங்கும், கட்டும் அபராதமும் வண்டிக்காரர் கணக்கில். ஆகவே வண்டியை இறக்கும் அன்றைக்கே வாடகையையும் பேசித்தான் ஆக வேண்டும். ‘இவ்வளவு கிலோவுக்கு இவ்வளவு, அதுக்கு மேல இன்னொரு ட்ரிப்பு’ என்று. பேச்சு நமக்கு வராவிட்டாலும் ஆபீஸில் கணக்கு எழுதின கை நம்முடையது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, டீசல், டயர், பட்டை, பிரேக் ஷூ, எஃப்.சி., அபராதம் என்று மச்சானோடு உட்கார்ந்து ஆறு மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜாமீன் போட்ட கைக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

கடைசியாக அவர் கேட்பார்: “லோடு போட்டா வண்டி உக்காருமே மாமா, ஸ்டாண்டுல பசங்க கிண்டல் பண்ணுவானுங்க...”

சொல்லுங்கள்: “வண்டி உக்காந்தா பரவால்ல மச்சான்... குடும்பம் உக்காந்துடக் கூடாது!”